மீன் எண்ணெய் பூசிய ஹெரால்டு

லோகுவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் கைகளைத்தான் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை செய்கிறவளுக்குக் கண் அப்படித்தான் போகும். விரல் இடுக்குகளில் தோல் வெடித்துச் சிவந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நகங்கள் சதையை விட்டுத் தூக்கி நின்றன. அந்தக் கையால் ஒரு கிலோ சங்கரா மீனை அள்ளித் தராசில் போட்டாள்.

செம்பாக்கத்தில் வேதாசலம் என்ற பெரியவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்தவர். பேச்சு நாலைந்து வார்த்தைக்குச் சுருங்கிவிட்டது. அதில் ஒன்று ‘மீன்’. புதனும் ஞாயிறும் காலை எட்டரைக்கு வாசலில் ஒரு சின்ன சரக்கு வண்டி வந்து நிற்கும். எல்லோரும் ‘குட்டி யானை’ என்று சொல்கிற வண்டி. பின்னால் ஐஸ் பெட்டிகள். ஓட்டி வருகிறவளும் எடை போடுகிறவளும் சுத்தம் செய்து கொடுக்கிறவளும் லோகுதான். பள்ளிச் சான்றிதழில் லோகநாயகி. முப்பத்தாறு வயது. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம்.

அவள் வண்டி ஓட்டக் கற்றது ஆசையால் அல்ல. அப்பா ஒரு பழைய மேட்டடார் வேன் வைத்து மீன் ஏற்றிக்கொண்டு சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்வந்தார். அண்ணன்கள் இரண்டு பேரும் படகுக்குப் போனார்கள். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது வேனை எடுக்க ஆள் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, பதினேழு வயதில் இவள் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கும்வரை ஊருக்குள் மட்டும்தான் ஓட்டியதாகச் சொல்கிறாள். நான் நம்பவில்லை.

கணவன் அருண்ராஜ். இரண்டு பங்காளிகளோடு ஃபைபர் படகு வைத்திருக்கிறான். கடலில் பத்து மைல் போகிறவன், கேளம்பாக்கம் சிக்னலில் வண்டி திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வான். படகுக்குப் போகாத நாளில் லோகுவோடு வந்து மீன் ஆய்ந்து கொடுப்பான். வாடிக்கையாளர்களிடம் அதிகம் பேச மாட்டான். நல்ல பிள்ளை.

கையை டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னபோது லோகு சிரித்தாள். உப்புத் தண்ணீரில் கிடக்கிற கை அப்படித்தான் இருக்குமாம். நான் ஒன்றும் வாதாடவில்லை. கையைக் காட்டிவிட்டு வருகிறவரை இந்த வீட்டில் மீன் வாங்க மாட்டோம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இரண்டு புதன்கிழமை வேதாசலம் ஐயா என்னிடம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது புதன் லோகு மருந்துச் சீட்டோடு வந்தாள்.

தாம்பரத்தில் இருக்கிற தோல் டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார். மீனும் ஐஸ் தண்ணீரும் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. களிம்பு போட்டால் ஆறும். மறுபடி மீனைத் தொட்டால் மறுபடி வெடிக்கும். இப்படியே ஆறு மாதம் போனால் விரல் மடங்காது. ஸ்டியரிங்கைக்கூடப் பிடிக்க முடியாது.

“மீன தொடக்கூடாதுன்னா நான் இன்னாத்துக்கு சிஸ்டர் அந்தக் குப்பத்துல கீறேன்?” என்று கேட்டாள். ஊரில் கேலி வேறு. கடல்காரிக்குக் கடலே அலர்ஜியாம் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

வேறு என்ன வேலை தெரியும் என்று கேட்டேன். வண்டி ஓட்டத் தெரியும் என்றாள். அப்படியானால் அதைத் தேடு என்றேன்.

தேடினாள். மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வேனுக்குக் கேட்டாள். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா வேலை என்றால் உடனே வா என்றார்கள். தண்ணீர் லாரி வைத்திருப்பவர் அவளைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் நின்ற அருண்ராஜிடம் பேசினார். வாடகைக் கார் என்றால் சொந்தக் கார் வேண்டும். இதற்கிடையில் கையில் இரண்டு உறை மாட்டிக்கொண்டு மீன் வியாபாரத்தைத் தொடர்ந்தாள். உறைக்குள் வியர்த்து இன்னும் மோசமாயிற்று. ஆவணி முடிவதற்குள் வலது கட்டை விரல் மடங்காமல் போயிற்று.

இந்த நேரத்தில்தான் ஐயாவின் காருக்கு வழி பிறந்தது.

வேதாசலம் ஐயா வீட்டின் பக்கவாட்டில் ஒரு கார் ஷெட். அதற்குள் அறுபதுகளில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று ஒன்பது வருடமாக நின்றது. வெளிர் பச்சை நிறம். வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்தது என்று ஐயாவுக்கு அதன்மேல் தனிப் பெருமை. மகள் ஜெயஸ்ரீக்கு அந்த ஷெட் தேவைப்பட்டது. அவள் மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள், வங்கி வேலை. காரை விற்ற பணத்தில் ஷெட்டைச் சக்கர நாற்காலி நுழைகிற அறையாகவும் குளியலறையாகவும் மாற்றினால் அப்பாவைத் தினமும் மூன்று படி தூக்கி ஏற்றி இறக்க வேண்டாம். மூன்று படியும் என் இடுப்பில்தான் ஏறி இறங்கின. அதனால் அந்த யோசனையை நானும் பலமாக ஆதரித்தேன்.

பழைய கார்களை ஏலம் விடும் கம்பெனி ஒன்று ஐப்பசியில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பெரிய மண்டபத்தில் ஏலம் நடத்துவதாக ஜெயஸ்ரீ கேள்விப்பட்டாள். கம்பெனியிலிருந்து சிட்டிபாபு என்பவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது. வண்டிகளை ஏற்றி இறக்கி மேடையில் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பு அவருடையது. அவருடைய மெக்கானிக் மூன்று நாள் உட்கார்ந்து எஞ்சினுக்கு உயிர் கொடுத்தான்.

நான்காம் நாள் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க வினோத்குமார் என்ற டிரைவர் ஏறினான். முதல் கியரைப் போடும்போதெல்லாம் கரகரவென்று இரும்பு கடிபடும் சத்தம். மூன்று முறை முயன்றான். எதிரே மீன் ஆய்ந்துகொண்டிருந்த லோகுவுக்குப் பொறுக்கவில்லை.

“யோவ், ரெண்ட தொட்டுட்டு ஒண்ணுக்கு வாய்யா. பல்லு பூடப் போது.”

வினோத்குமார் இறங்கி, வேண்டுமானால் நீயே வந்து ஓட்டு என்பதுபோல் கதவைத் திறந்து பிடித்தான். கிண்டலாகத்தான். லோகு உறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது கியரைத் தொட்டாள். முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டு வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

எங்கே கற்றுக்கொண்டாள் என்று சிட்டிபாபு கேட்டார். அப்பாவின் மேட்டடாருக்கும் இதே வியாதி என்றாள். அவர் அவளை இன்னும் இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். பின்னோக்கி எடுக்கச் சொன்னார். பிறகு, மண்ணிவாக்கத்தில் இருக்கிற கம்பெனி கொட்டகையில் நாற்பது வண்டிகள் நிற்பதாகவும், அவற்றை வாரம் ஒரு முறை எடுத்து ஓட்டி வைக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். ஏலத்தன்று ஆறு வண்டிகளை அவளிடம் கொடுப்பார். ஆறையும் கீறல் இல்லாமல் மேடையில் ஏற்றி இறக்கினால் வேலை அவளுக்கு.

“ஆனா ஒண்ணு. சொன்னத மட்டும் செய்யணும். ஒவ்வொண்ணும் அம்பது லட்சம் அறுபது லட்சம் வண்டி. சொந்தப் புத்தி எதுவும் காட்டக்கூடாது, தெர்தா?”

லோகு தலையாட்டினாள். அன்றைக்கு மீனுக்குக் காசு வாங்க மறந்து போய்விட்டாள். நான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

ஏலத்துக்குப் பத்து நாள் இருந்தது. மெக்கானிக் வண்டியின் அடிப்பக்கத்தில் இருந்த பழைய தார்ப் பூச்சையெல்லாம் சுரண்டி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரும்பை வெறுமையாக்கிவிட்டுப் போனான். கறுப்புப் பூச்சை ஏல மண்டபத்துக்கு ஏற்றுவதற்கு முன் வந்து அடிப்பதாகச் சொல்லியிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. அவன் வரவில்லை. வண்டி வாசலிலேயே தார்ப்பாய்க்குள் நின்றது.

வெறும் இரும்பை ஐப்பசி மழையில் விடுவது லோகுவுக்குத் தாங்கவில்லை. படகுக்காரர்கள் மீன்பிடித் தடைக் காலத்தில் எஞ்சினையும் நங்கூரத்தையும் இப்படி விட மாட்டார்கள். மத்தி மீனைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைப் பூசி வைப்பார்கள். உப்புக் காற்று எத்தனை அடித்தாலும் துருப் பிடிக்காது. கம்பெனிக்குப் போன் செய்து கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. துரு ஏறுகிற இரும்பைப் பார்த்துக்கொண்டு யாரிடமாவது அனுமதி கேட்கிற வழக்கம் அவர்கள் ஊரில் இல்லை. அவள் கை அதைத் தொடக்கூடாது என்பதால், ஒரு பிற்பகல் அருண்ராஜ் டப்பாவும் தேங்காய் நார் பிரஷ்ஷுமாக வந்து வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தான். நான் அப்போது ஐயாவுக்குக் கால் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஏதோ பூசுகிறார்கள் என்று நினைத்தேன், நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தார்ப்பாயைத் தூக்கினோம். படுக்கைப் புண், கெட்டுப்போன காயம் எல்லாம் பார்த்த மூக்கு என்னுடையது. அதுவே ஒரு அடி பின்வாங்கியது. அடிப்பக்கம் முழுவதும், கதவுகளின் உட்புறம் வரை, எண்ணெய் பிசின் மாதிரி உறைந்து பிடித்துக்கொண்டிருந்தது. காசிமேட்டு மீன் துறைமுகத்தை மடித்துக் காருக்குள் வைத்த மாதிரி வாடை.

ஜெயஸ்ரீ வந்தாள். அவள் கத்துகிற பெண் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்: “யார் செஞ்சது இது? மூணு நாள்ல வ்யூயிங். இந்த ஸ்மெல்லோட யார் பக்கத்துல வருவா?”

பின்னாலேயே சிட்டிபாபுவும் வந்துவிட்டார். லோகு வாயைத் திறப்பதற்குள் அருண்ராஜ் முந்திக்கொண்டான். தானாகப் பூசியதாகவும், பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னான். அவன் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவளுடைய வேலை போய்விடக்கூடாதே என்று பதறிச் சொன்ன பொய். சிட்டிபாபு அவனைத் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. லோகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நாற்றத்தைக் குறைக்கத் தெரிந்த வழியெல்லாம் செய்தேன். கை எட்டிய இடங்களை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தோம். சீட்டுக்கு அடியில் அடுப்புக்கரியைக் கிண்ணத்தில் வைத்தோம். கதவுகளைத் திறந்து போட்டு இரண்டு மின்விசிறி ஓட்டினோம். வறுத்த காப்பித் தூளைத் தட்டுகளில் பரப்பினோம். உள்ளே உட்கார்ந்தால் வாடை பாதியாயிற்று. அடியில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. முடிவில் காப்பிக் கடையில் மீன் வறுத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை வாங்குகிறவர்கள் வந்து வண்டிகளைப் பார்க்கும் நாள், ஞாயிறு ஏலம். இரண்டு நாளும் தானும் வருவேன் என்று ஐயா இடது கையால் நாற்காலியைத் தட்டிக் காட்டிவிட்டார். எனவே சிறுநீர்ப் புட்டி, மாற்று வேட்டி, கெட்டியாகக் கரைத்த கஞ்சி எல்லாம் கட்டிக்கொண்டு நானும் போனேன்.

வண்டலூரைத் தாண்டி இருக்கிற மண்டபம் அது. கல்யாணம், நகைக் கண்காட்சி, கட்சி மாநாடு எல்லாம் நடக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற மேடைக்குப் பின்சுவரில் லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு கதவு. அங்கிருந்து பலகைச் சரிவு போட்டு, மேலே சிவப்பு விரிப்பு விரித்திருந்தார்கள். கூடத்தில் இருபத்தாறு கார்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கயிறு. ஹெரால்டைச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவோரம் தள்ளி வைத்திருந்தார் சிட்டிபாபு. வந்தவர்களில் நாலு பேர், மதியத்துக்கு மீன் வறுவலா என்று சமையல்காரர்களிடம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

லோகு கம்பெனி கொடுத்த கறுப்பு டி-ஷர்ட்டைச் சுடிதார் மேல் போட்டுக்கொண்டு மற்ற டிரைவர்களோடு நின்றாள். அருண்ராஜ் வெளியே குட்டி யானையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு.

பதினோரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து அனந்தகிருஷ்ணன் என்பவர் வந்தார். அறுபது வயதுக்காரர், பஞ்சாலைச் சொந்தக்காரர் மாதிரி வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டையோடு ஒரு போர்வையை விரித்து ஹெரால்டுக்கு அடியில் படுத்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். எழுந்து வந்தபோது முகம் நன்றாக இல்லை.

“அடிப்பக்கம் பூராவும் புதுசா எண்ணெய் அடிச்சிருக்கீங்க. எதை மறைக்கறதுக்குங்க?”

ஒன்றும் மறைக்கவில்லை, ஒரு ஆள் தெரியாமல் பூசிவிட்டான் என்றாள் ஜெயஸ்ரீ. அவர் நம்பவில்லை. இந்த மாதிரி வண்டிக்கு அடிச் சட்டத்தில்தான் துரு அரிக்கும். அரித்த இடத்தைத் தகரம் வைத்து ஒட்டி, மேலே கொழகொழவென்று எதையாவது பூசி விற்பது பழைய தந்திரம் என்று சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் இருந்த மூன்று பேர் கயிற்றைவிட்டு விலகிப் போனார்கள். சிட்டிபாபு ஜெயஸ்ரீயைத் தனியே கூப்பிட்டார். இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் வண்டியை ஏலத்திலிருந்து எடுத்துவிடுவது கம்பெனி வழக்கம். மற்ற இருபத்தைந்து வண்டிகளின் பேரும் கெடும்.

ஐயா ஜெயஸ்ரீயின் கையைப் பிடித்து இழுத்து என்னவென்று கண்ணால் கேட்டார். அந்த அறையும் குளியலறையும் போயிற்று என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன்.

லோகு பத்தடி தூரத்தில் நின்றாள். டி-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. வேலை அவளுடையது, போனால் அந்தக் கையோடு ஐஸ் பெட்டிக்குத் திரும்ப வேண்டியவளும் அவள்தான். இன்னொருத்தி சொல்லி அவள் செய்யக்கூடாது.

அவளாகவே வந்தாள். நேராக அனந்தகிருஷ்ணனிடம்.

“மீன் எண்ணெ சார் அது. நான்தான் பூச சொன்னேன். மறைக்கல. பூசறதுக்கு முன்ன எடுத்த போட்டோ கீது, பாருங்க.”

எங்கெங்கே பூச வேண்டும் என்று கணவனுக்குக் காட்ட, வண்டிக்கு அடியில் போனை நீட்டி எடுத்த படங்கள். பதினாலு படம். வெறும் இரும்பு, சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு மூலையிலும் விரலால் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். அனந்தகிருஷ்ணன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு வீடியோ இருந்தது. அதையும் தொட்டுவிட்டார். மண்டபத்துக்குள் லோகுவின் குரல் கிளம்பியது.

“யோவ், அந்த மூலைய வுட்டுட்டியே, கண்ணு இன்னா பொடனியிலயா கீது? நல்லா உள்ள கைய வுட்டு பூசு. இன்னாது, நாறுதா? பொறந்ததுலேர்ந்து மீன் நாத்தத்துல கீற, இப்ப ஜமீன்தார் மாதிரி மூக்கப் பொத்திக்கினு…”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வினோத்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டான். சிட்டிபாபு மட்டும் சிரிக்கவில்லை.

“உன் வூட்டுக்காரன் தானா பூசனேன்னானே?”

“எனக்காவ சொன்னான் சார். நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். தப்புதான்.”

அவர் கையை நீட்டினார். மறுநாள் அவள் ஓட்ட வேண்டிய ஆறு வண்டிகளின் எண் எழுதிய அட்டையைக் கேட்டார். அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அனந்தகிருஷ்ணன் மறுபடி போர்வைமேல் படுத்தார். இந்த முறை லோகுவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தையும் வண்டியையும் ஒப்பிட்டு அரை மணி நேரம் பார்த்தார். எழுந்ததும் ஜெயஸ்ரீயிடம் வந்து, தான் பேசியதை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். விலகிப் போன மூன்று பேரையும் தேடிப் போய்ச் சொன்னார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது. ஹெரால்டு ஏலத்தில் நின்றது.

ஞாயிறு காலை லோகு வருவாளா என்று எனக்குச் சந்தேகம். எனக்கு முன்னால் வந்து, அதே டி-ஷர்ட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, டிரைவர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். வராதே என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். சிட்டிபாபு அவளைத் தாண்டி நாலு முறை போனார். ஐந்தாம் முறை நின்றார். ஹெரால்டுக்குள் உட்கார டிரைவர்கள் யாரும் ஒப்பவில்லை. தங்கள் உடம்பில் வாடை ஒட்டிக்கொண்டால் அடுத்த வண்டிக்கும் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அத மட்டும் நீ எடு,” என்று ஒரு சாவியைக் கொடுத்தார்.

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. பத்தே காலுக்கு மழை. கூடத்தில் நாற்காலி போடுவதற்காக வண்டிகளையெல்லாம் பின்புறம் வெளியே நிறுத்தியிருந்தார்கள். பின்கதவு வழியாக வருகிற ஒவ்வொரு வண்டியும் ஈரச் சக்கரத்தோடு சரிவில் ஏற வேண்டியிருந்தது. சிவப்பு விரிப்பு நனைந்து ஊறிவிட்டது. மூன்றாவதாக வந்த நீள மூக்கு வண்டி பாதிச் சரிவில் சக்கரம் வழுக்கி நின்றது. வினோத்குமார் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க விரிப்பு சுருண்டு பின்னால் வந்தது. ஆறு பேர் தள்ளி ஏற்றினார்கள். ஐந்தாவது வண்டி இரண்டு முறை அணைந்துபோனது. ஏலம் விடுபவர் ஒலிபெருக்கியில் ஏதேதோ சொல்லிச் சமாளித்தார்.

ஹெரால்டின் முறை எட்டாவது. நான் ஐயாவின் நாற்காலியை முதல் வரிசை ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். மேடையின் பக்கவாட்டுத் திறப்பு வழியே சரிவு முழுவதும் தெரிந்தது. லோகு சரிவின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். நேராகச் சிட்டிபாபுவிடம் போய் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று பிறகு அவரே சொன்னார்: விரிப்பைச் சுருட்டிவிட்டு வெறும் பலகையில் ஏற்றலாமா, அழகு குறைந்தால் பரவாயில்லையா என்று. அவர் ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு விரிப்பை எடுக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கோணிகள் வந்தன. பலகையைத் துடைத்தார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டைத் தொட்டு ஒன்றுக்கு வந்தாள் என்று நினைக்கிறேன், அங்கிருந்து கேட்கவில்லை. கேட்காததுதான் விஷயம். வெளிர் பச்சை வண்டி ஒரே சீராக ஏறி, மேடையில் ஒட்டியிருந்த வெள்ளைக் கோட்டில் முன்சக்கரம் படாமல் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏலம் முடியும்வரை டிரைவர் இறங்கக்கூடாது. முதல் வரிசைக்காரர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

ஐந்து பேர் விலை கேட்டு எண் அட்டையைத் தூக்கினார்கள். பிறகு மூன்று. பிறகு அனந்தகிருஷ்ணனும் ஒரு பெங்களூர்க்காரரும். மரச் சுத்தி விழுந்தபோது வண்டி கோயம்புத்தூருக்கு. ஜெயஸ்ரீ எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. அறை கட்ட, குளியலறைக்குக் கைப்பிடி வைக்க, தாராளமாகப் போதும். ஐயா, “போச்சு,” என்றார். வருத்தமா திருப்தியா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. தள்ளிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது மேடையில் படகு மாதிரி ஒரு அமெரிக்க வண்டி நின்றது. உள்ளே லோகு. ஒன்பதாவது வண்டிக்கு ஆள் ஏறப் போனபோது சிட்டிபாபு வாடையையும் பார்க்காமல் சாவியை அவனிடமிருந்து வாங்கி இவள் கையில் வைத்தாராம். அதற்குப் பிறகு பதினொன்று, பதினான்கு, பத்தொன்பது, இருபத்திரண்டு. மொத்தம் ஆறு. ஒன்றும் அணையவில்லை, ஒன்றும் உரசவில்லை.

மாலையில் எல்லோரும் கிளம்பும்போது அவர் எங்களிடம் வந்தார். லோகு எழுந்து நின்றாள்.

“இனிமே எதனா பூசணும்னு தோணிச்சுன்னா?”

“கேட்டுட்டு பூசறேன் சார்.”

“நான் போன் எடுக்கலன்னா?”

“எடுக்கற வரைக்கும் அடிப்பேன்.”

புதன்கிழமை மண்ணிவாக்கம் கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அருண்ராஜுக்குத் தகவல் சொல்ல ஓடினாள். அவன் குட்டி யானையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

இப்போது எங்களுக்கு மீன் கொண்டுவருகிறவள் லோகுவின் நாத்தனார். குட்டி யானையை அவள் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். கூடவே ஓட்டுவதற்கு ஒரு ஆள். எடை சரியாக இல்லை, சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லோகு அந்தப் புதன்கிழமை போனாள். நாற்பது வண்டிகளையும் சுற்றிப் பார்த்தாள். சம்பளம் பேசினார்கள், சரி என்றாள். எல்லாம் முடிந்த பிறகு பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். அங்கே வேலை செய்கிற ஏழு பேரும் ஆண்கள். பின்பக்கம் இரண்டு ஏக்கர் காலி இடம் இருக்கிறதே என்று ஒருவன் சொன்னான்.

“அப்ப நீ போ அங்க,” என்று சொல்லிவிட்டுச் சிட்டிபாபு பக்கம் திரும்பினாள். “கதவும் தாப்பாளும் வெச்சு ஒண்ணு கட்டிக் குடுங்கண்ணா. கட்டி முடிச்ச அன்னிக்கு வந்து சாவி வாங்கிக்கிறேன்.”

வேலை கிடைக்காமல் அலைந்தவள் கிடைத்த வேலைக்கு நிபந்தனை போடுகிறாளே என்று ஜெயஸ்ரீக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. பெண்கள் வேலைக்குப் போகிற இடத்தில் சிறுநீரை அடக்கி அடக்கி நோய் வாங்கி வந்து படுத்தவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன். பத்து நாள் ஆகும் என்றார் சிட்டிபாபு. தன் கைக்கும் பத்து நாள் ஓய்வு வேண்டும் என்றாள் அவள்.

எட்டே நாளில் கட்டிவிட்டார்கள். தரைக்கு ஓடு, ஒரு குழாய், மேலே தகரக் கூரை. லோகு போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். ஆண்கள் கட்டியது என்பதால் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கமும் ஒன்று வைக்கச் சொல்லி, கொத்தனார் ஆணி அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் முதல் வண்டியின் சாவியை வாங்கினாள்.